என்ஜின் அறை மாலுமிகளின் நுரையீரல் குறித்து ஒரு திறந்த மடல்

முன்னாள் படைவீரர்களின் மருத்துவத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் பாதுகாப்பு அமைச்சகத்தில் பொறுப்பு வகிக்கும் அதிகாரிகளுக்கு,

சென்ற மாதம் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. எனக்கு வந்ததல்ல, என்னோடு ஒரே என்ஜின் அறையில் வேலை பார்த்த அண்ணனின் மனைவிக்கு வந்தது. அண்ணிக்கு ஆங்கிலம் தெரியாது. பேத்தி கைபேசியில் படம் எடுத்து எனக்கு அனுப்பினாள். மொத்தம் ஐந்து வரி. கணவரின் மரணத்துக்குக் காரணமான நோய் படைப்பணியால் ஏற்பட்டதும் அல்ல, படைப்பணியால் முற்றியதும் அல்ல. அது ஓய்வுபெற்று நெடுங்காலம் கழித்துத் தோன்றியது. மருத்துவக் குறிப்பில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தொடர்பு ஏதும் இல்லை என்று பதிவாகியிருக்கிறது. ஆகவே சிறப்புக் குடும்ப ஓய்வூதியம் கோரிய மனு ஏற்கப்படவில்லை. கீழே ஒரு கையொப்பம், ஒரு முத்திரை.

அதைத் தொலைபேசியில் அண்ணிக்குத் தமிழில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. நான் சொல்லி முடிக்கும் வரை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "அப்படியென்றால் அவர் கப்பலிலேயே வேலை பார்க்கவில்லை என்கிறார்களா தம்பி?" என்று கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியைத்தான் உங்களிடம் கொண்டுவந்திருக்கிறேன்.

நான் 1974ஆம் ஆண்டு கடற்படையில் சேர்ந்தேன். லோனாவாலாவில் ஐ.என்.எஸ். சிவாஜியில் என்ஜின் பயிற்சி. அதன்பின் ஓய்வு பெறும் வரை, பெரும்பகுதி நீராவியில் ஓடிய போர்க்கப்பல்களின் கொதிகலன் அறையிலும் என்ஜின் அறையிலும் கழிந்தது. அண்ணன் 1968இல் சேர்ந்தவர், ராமநாதபுரத்துக் கடற்கரைக்காரர். நான் கரிசல் காட்டுப் பிள்ளை. சேர்வதற்கு முன் கண்மாயைத் தவிர வேறு தண்ணீர் கண்டதில்லை. முதல் கடல் பயணத்தில் வாந்தி எடுத்துச் சுருண்டு கிடந்தவனின் நாக்கில் எலுமிச்சை ஊறுகாயைத் தடவி எழுப்பி உட்காரவைத்தவர் அவர். வேலை கற்றுக்கொடுத்தவரும் அவர்தான்.

என்ன வேலை என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். எங்கள் கோப்புகளில் கையெழுத்திடுகிறவர்களில் பலர் நீராவிக் கப்பலின் வயிற்றுக்குள் இறங்கியிருக்க வாய்ப்பில்லை.

கொதிகலனிலிருந்து சுழலிக்குப் போகும் நீராவி நானூறு டிகிரியைத் தாண்டிய சூட்டில் ஓடும். அந்தச் சூடு வெளியே கசியாதபடி குழாய்களுக்கு மேல் கனமாக ஒரு சட்டை போட்டிருக்கும். லேகிங் என்போம். மேலே துணி சுற்றி வெள்ளைச் சாயம் பூசி, மாவுக்கட்டுப் போட்ட கை போல இருக்கும். தலைக்கு மேலும் காலடியிலும் பக்கவாட்டிலும், திரும்பிய இடமெல்லாம் அந்த வெள்ளைக் கைகள்தான். உள்ளே இருந்தது ஆஸ்பெஸ்டாஸ். பள்ளிப் புத்தகம் அதைக் கல்நார் என்கிறது.

நடுக்கடலில் ஏதாவது ஒரு குழாய் இணைப்பில் நீராவி கசியும். எந்த இடம் என்று பார்க்க வேண்டுமானால் சட்டையைக் கிழித்தாக வேண்டும். கத்தியால் கீறிக் கையால் பிய்ப்போம். வெந்து காய்ந்த லேகிங் பொலபொலவென்று உதிரும். கைவிளக்கைப் பிடித்தால் அந்த வெளிச்சத்தில் தூசி மினுங்கிக்கொண்டு நிற்கும். மண் தூசி போலக் கீழே விழாது, நின்றுகொண்டே இருக்கும். கசிவை அடைத்த பிறகு வாளியில் கல்நார்ப் பொடியைக் கொட்டித் தண்ணீர் விட்டுச் சப்பாத்தி மாவு பிசைவது போல வெறுங்கையால் பிசைந்து குழாய் மேல் அப்புவோம். பொடியைக் கொட்டுகிற நேரத்தில் முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும் என்று அண்ணன் சொல்லித்தந்தார். எங்களுக்கு இருந்த முகக்கவசம் அதுதான்.

வால்வுக்கு அடைப்பாக வைக்கும் கயிறும் கல்நார். இணைப்புகளுக்கு நடுவே வைக்கும் தகட்டைச் சுத்தியலால் தட்டி வெட்டுவோம், அதிலும் கல்நார். வேலை முடிந்து ஏறி வரும்போது இமை மயிரில் வெள்ளை படிந்திருக்கும். தேநீர்க் குவளையின் மேல் மிதப்பதை ஊதிவிட்டுக் குடிப்போம். தூங்கிய இடத்திலும் கூரையில் அதே குழாய்கள் போயின. பீரங்கிப் பயிற்சி நடக்கும் நாளில் கப்பல் அதிரும். படுக்கை விரிப்பை உதறிவிட்டுத்தான் படுக்க முடியும்.

அன்று இதைச் செய்ததற்காகக் கடற்படை மீது எனக்கு வன்மம் கிடையாது. எனக்குச் சோறு போட்டது, என் பிள்ளைகளைப் படிக்கவைத்தது. உலகின் பெரிய கடற்படைகள் எல்லாம் அந்தக் காலத்தில் கல்நாரைத்தான் சுற்றின. ஆனால் அதன் கெடுதல் யாருக்கும் தெரியாத ரகசியமாக இருந்தது என்று சொன்னால் ஏற்கமாட்டேன். கல்நார்த் தூசியைக் கட்டுப்படுத்த பிரிட்டன் 1931இலேயே தொழிற்சாலை விதி கொண்டுவந்துவிட்டது. நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் வரும் மீசோதீலியோமா என்னும் புற்றுநோய்க்கும் கல்நாருக்கும் உள்ள தொடர்பைத் தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் 1960இல் எழுதிவிட்டார்கள். நான் வாளியில் கைவிட்டது அதற்கும் பதினான்கு ஆண்டுகள் கழித்து.

அண்ணனுக்கு 2021 மழைக்காலத்தில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. எழுபது வயதிலும் கட்டுமரம் தள்ளக் கைகொடுத்த மனிதர், வீட்டுத் திண்ணையில் ஏறுவதற்குள் நின்று நின்று ஏறினார். வலது பக்கம் நுரையீரல் உறையில் நீர் கோத்திருந்தது. நம் ஊரில் நுரையீரலில் நீர் என்றால் முதலில் காசநோய் என்றுதான் நினைப்பார்கள், அது தவறும் அல்ல. ஆறு மாதம் காசநோய் மாத்திரை. ஊசி போட்டு நீரை எடுப்பார்கள்; இரண்டு மூன்று வாரத்தில் திரும்பக் கோத்துக்கொள்ளும். கிராமத்திலிருந்து முன்னாள் படைவீரர்களுக்கான நம் பாலிகிளினிக்குக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். விடியற்காலை கிளம்பினால் பரிந்துரைச் சீட்டோடு திரும்பும்போது விளக்கு வைத்திருப்பார்கள். அந்தச் சீட்டோடு மறுநாள் பெரிய மருத்துவமனைக்குப் போனால், பழைய பில்கள் அரசிடம் நிலுவையில் இருக்கின்றன, முன்பணம் கட்டுங்கள் என்றார்கள். மருமகளின் சங்கிலி அடகுக்கடைக்குப் போனது.

அங்கே ஒரு மருத்துவர் சரியான இடத்துக்கு மிக அருகில் வந்தார். "ஆஸ்பெஸ்டாஸ் தொழிற்சாலையில் எப்போதாவது வேலை பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். அண்ணன் இல்லை என்றார். ஓடு செய்யும் கம்பெனி? இல்லை. கட்டட வேலை? இல்லை. எல்லாமே உண்மையான பதில்கள். பொய் சொல்லத் தெரியாத மனிதர். மருத்துவர் கோப்பில் ஒரு வரி எழுதினார்: கல்நார்த் தொடர்பு இல்லை.

நீராவிக் கப்பலில் இருந்தீர்களா என்று கேட்கவேண்டும் என அந்த மருத்துவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அவர் முன் இருந்த எங்கள் படிவத்தில் பெயரும் பதவியும் சேவை எண்ணும் இருந்தன. எந்தக் கப்பல், எந்த ஆண்டு, எந்த அறை என்பதற்கு இடமே இல்லை. அந்த ஒரு வரியைத்தான் இப்போது அண்ணிக்கு எதிரான சாட்சியமாக எடுத்துவைத்திருக்கிறீர்கள்.

திசுப் பரிசோதனை முடிந்து நோயின் பெயர் மீசோதீலியோமா என்று தெரிந்த வாரம் நான் அவர் வீட்டுக்குப் போனேன். அவருக்கு அது ஒரு புற்றுநோய் என்பதைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. ஆஸ்பெஸ்டாஸ் என்றேன். "அது கூரை போடுகிற சாமான் அல்லவா தம்பி? நம் கப்பலில் கூரை ஏது?" என்றார்.

"லேகிங், அண்ணே" என்றேன்.

வெகுநேரம் பேசவில்லை. உள்ளங்கை இரண்டையும் விரித்து மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "உனக்குப் பிசையக் கற்றுக்கொடுத்தவன் நான் ஆயிற்றே" என்றார். சாகக் கிடந்த மனிதர் தன்னைப் பற்றிக் கவலைப்படவில்லை. 2023 பங்குனியில் போய்விட்டார்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், சொல்லாமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. 2005ஆம் ஆண்டின் கடைசி நாளில் கிளெமான்சோ என்ற பழைய பிரெஞ்சு விமானந்தாங்கிக் கப்பல் துலோன் துறைமுகத்திலிருந்து உடைப்பதற்காகக் குஜராத்தின் அலங் கரைக்குக் கிளம்பியது. அதற்குள் கல்நார் இருக்கிறது என்று உலகமே எதிர்த்தது. நம் உச்ச நீதிமன்றம் விசாரித்தது. 2006 பிப்ரவரியில் பிரெஞ்சு அதிபர் அதைத் திருப்பி அழைத்துக்கொண்டார். தேநீர்க்கடையில் செய்தித்தாளில் அதைப் படித்தபோது என் கையில் குவளை நின்றுவிட்டது. அந்தக் கப்பலை உடைக்கப்போகும் தொழிலாளிகளுக்கு ஆபத்து என்றால், அதைப் போன்ற கப்பல்களில் உண்டு உறங்கிய எங்களுக்கு? செய்தியைக் கத்தரித்துப் பெட்டியில் வைத்தேன். அண்ணனிடம் சொல்லவில்லை. வீணாகப் பயமுறுத்துவானேன் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் நோய் வராமல் இருந்திருக்காது. ஆனால் அந்த மருத்துவரின் கேள்விக்கு அவர் வேறு பதில் சொல்லியிருப்பார். ஆறு மாதம் காசநோய் மாத்திரை விழுங்கியிருக்கமாட்டார். அந்தப் பழி என்னுடையது, அதை நான் சுமந்துகொள்கிறேன். ஆனால் சொல்லவேண்டிய பொறுப்பு ஓய்வுபெற்ற ஒரு மாலுமியிடமா இருந்தது? எங்கள் எல்லாருடைய முகவரியும் மாதந்தோறும் ஓய்வூதியம் அனுப்பும் உங்களிடம் இருந்தது.

உங்கள் கடிதத்தின் காரணங்களுக்கு வருகிறேன்.

ஓய்வுபெற்று நெடுங்காலம் கழித்துத் தோன்றிய நோய் என்கிறீர்கள். மீசோதீலியோமா அப்படித்தான் தோன்றும். கல்நார் இழை உள்ளே போனதற்கும் நோய் வெளியே தெரிவதற்கும் நடுவே இருபது முதல் ஐம்பது ஆண்டுகள் ஆகும் என்று மருத்துவ உலகம் ஒருமித்துச் சொல்கிறது. மாலுமி முப்பத்தைந்து, நாற்பது வயதுக்குள் ஓய்வு பெறுகிறான். வெளியேறும்போது மருத்துவப் பரிசோதனை நடக்கும்; அன்று எங்கள் எல்லாருடைய மார்புப் படமும் சுத்தமாகத்தான் இருந்தது. படையினர் ஓய்வூதியத்துக்கான 1982ஆம் ஆண்டின் உரிமை விதிகள் ஓய்வுக்குப் பின் தோன்றும் நோயைப் பணியோடு சேர்த்துப் பார்க்க இடம் தந்தன, ஆனால் ஓய்வுபெற்ற குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்குள் தோன்றினால் மட்டும். முப்பது ஆண்டு கழித்து முளைக்கிற விதைக்குச் சில ஆண்டில் பயிர் காட்டு என்றால் எந்த விவசாயி காட்டுவான்? நோய் தாமதமாக வந்ததை மறுப்புக்குக் காரணமாக எழுதியிருக்கிறீர்கள். கல்நார் அறிந்த எந்த மருத்துவரைக் கேட்டாலும், அந்தத் தாமதமே கல்நார்தான் காரணம் என்பதற்கு அடையாளம் என்பார்.

பணிக்கும் நோய்க்கும் தொடர்பை மனுதாரர் நிறுவவில்லை என்ற தொனி கடிதம் முழுக்க இருக்கிறது. 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவைத்தது. படையில் சேரும்போது இல்லாத நோய் பின்னர் அவரை வெளியேற்றும் அளவுக்கு வந்தால் அது பணியால் வந்தது என்றே கொள்ளவேண்டும், தொடர்பை நிரூபிக்கும் சுமை படைவீரருடையது அல்ல என்பது அதன் சாரம். அந்த வழக்கு பணிக்காலத்தில் வந்த நோயைப் பற்றியது, எங்கள் நிலை அதிலிருந்து மாறுபட்டது என்பதை அறிவேன். ஆனால் அதன் நியாயம் எங்களுக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும். அண்ணி எதைக் கொண்டுவந்து நிரூபிப்பார்? கப்பல் எப்போதோ உடைக்கப்பட்டுவிட்டது. அதன் வரைபடங்கள் உங்களிடம். பழுதுபார்த்த பதிவேடுகள் உங்களிடம். அண்ணன் எந்தத் தேதியில் எந்தக் கப்பலில் ஏறினார், எப்போது இறங்கினார் என்ற ஏடும் உங்களிடம். எங்களிடம் இருந்த ஒரே சாட்சியம் அவருடைய நுரையீரல்.

1995 ஜனவரியில் கல்நார்த் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பையும் நினைவூட்டுகிறேன். தொழிலாளியின் உடல்நலம் வாழ்வுரிமையின் பகுதி என்று சொன்னது. கல்நாரோடு வேலை செய்த ஒவ்வொருவரின் உடல்நலப் பதிவேட்டையும் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது வேலையை விட்டபின் 15 ஆண்டுகள், இதில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்றது. தொழிற்சாலைச் சட்டத்தின் அட்டவணையில் கல்நார் நுரையீரல் நோய் அறிவிக்கவேண்டிய நோயாக எப்போதோ இடம்பெற்றுவிட்டது. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமோ படையினரைத் தன் வரம்பிலிருந்து விலக்கிவைத்தது. இதன் விளைவைப் பாருங்கள். கரையில் கட்டி நிறுத்திய கப்பலுக்குள் பகல் முழுதும் லேகிங் மாற்றிவிட்டு மாலையில் வீட்டுக்குப் போன தொழிலாளிக்குக் கேட்க ஒரு சட்டம் இருக்கிறது. அதே கப்பலில் இரவும் பகலும் கிடந்த மாலுமிக்கு அந்தச் சட்டம் இல்லை. அவன் உங்களிடம் மட்டுமே வர முடியும். அதனால்தான் உங்கள் ஐந்து வரி இவ்வளவு கனக்கிறது.

மற்ற நாடுகள் செய்ததைச் சொல்கிறேன். பெருமை பேச அல்ல, வழி உண்டு என்று காட்ட. எங்கள் கப்பல்களின் வடிவமும் பழக்கவழக்கமும் பிரிட்டிஷ் கடற்படையிடமிருந்து வந்தவை. பணியில் கல்நார்ப்பட்டு மீசோதீலியோமா வந்த முன்னாள் படைவீரர் ஒரே தவணையாக 1,40,000 பவுண்டு பெற்றுக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டை அந்நாடு 2016இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்கா வியட்நாமில் தெளித்த களைக்கொல்லியால் நோயுற்ற தன் படைவீரர்களுக்காக 1991இல் சட்டம் செய்தது, ஆனால் கரையில் கால் வைக்காத கடற்படையினருக்கு அதன் பலன் பின்னர் மறுக்கப்பட்டது. பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் 2019இல் தனிச் சட்டம் வந்தது. எந்தக் கப்பல் எந்த நாளில் எங்கே நின்றது என்பதைக் கப்பல் பதிவேடுகளைக் கொண்டு அரசே கண்டறிந்தது. மாலுமியிடம் கேட்டு அலைக்கழிக்கவில்லை. 2022 ஆகஸ்டில் வந்த இன்னொரு சட்டம், இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் திறந்த குழிகளில் குப்பை எரித்த புகையைச் சுவாசித்தவர்களுக்குக் குறிப்பிட்ட நோய்கள் வந்தால் அவை பணியால் வந்தவை என்றே கொள்ளச் சொல்கிறது. நச்சுப்பட்ட அனுபவம் உண்டா என்று ஒவ்வொரு முன்னாள் படைவீரரிடமும் கேட்டு அறியும் முறையையும் அது கொண்டுவந்தது.

அவை பணக்கார நாடுகள் என்று நீங்கள் சொல்லக்கூடும். முதலில் நான் கேட்கப்போவது ஒரு பட்டியலும், படிவத்தில் ஒரு கேள்வியும், ஒரு மார்புப் படமும்தான். 2003இல் நமக்கென்று பங்களிப்பு மருத்துவத் திட்டம் வந்தபோது வரிசையில் நின்று அட்டை வாங்கியவர்களில் நானும் ஒருவன். அது பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது, என் மனைவியின் இதய அறுவைச் சிகிச்சை அதில்தான் நடந்தது. மருத்துவமனை இருக்கிறது, அட்டை இருக்கிறது, ஆனால் எங்கள் உடம்பில் எதைத் தேடவேண்டும் என்ற குறிப்பு மட்டும் அந்த மேசைக்கு வந்து சேரவில்லை.

அண்ணனின் காரியம் முடிந்து ஊர் திரும்பியதும் என் சொந்தச் செலவில் நுரையீரல் ஸ்கேன் எடுத்துப் பார்த்தேன். உறையில் இரண்டு பக்கமும் சுண்ணாம்பு படிந்த திட்டுகள். அவை புற்றுநோய் அல்ல என்று மருத்துவர் சொன்னார். ஆனால் கல்நார் உள்ளே போனதற்கு உடம்பு வைத்த முத்திரை அவை. இந்த முறை நானே முந்திக்கொண்டு சொன்னேன்: பதினைந்து ஆண்டு, நீராவிக் கப்பல், என்ஜின் அறை, லேகிங். அந்த இளம் மருத்துவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, இதைக் கேட்கவேண்டும் என்று தனக்குத் தோன்றியிருக்காது என்றார். ஆண்டுக்கு ஒரு முறை வரச் சொல்லியிருக்கிறார். போவேன். என்னோடு அந்த அறையில் இருந்தவர்கள் வேலூரிலும் கன்னியாகுமரியிலும் கேரளத்திலும் ஆந்திரக் கரையிலும் இருக்கிறார்கள். சிலருடைய எண்ணுக்குக் கூப்பிட்டால் மகன்தான் எடுக்கிறான். அப்பா போன வருடம் தவறிவிட்டார், நெஞ்சில் நீர் என்றார்கள் என்கிறான். அதற்கு மேல் அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

இவற்றைக் கேட்கிறேன்.

கல்நார் லேகிங் இருந்த கப்பல்கள் எவை, எந்த ஆண்டு வரை இருந்தது என்ற பட்டியலைத் தயாரித்து வெளியிடுங்கள். ஓடுகிற கப்பல்களைப் பற்றி நான் கேட்கவில்லை. உடைக்கப்பட்டுவிட்ட கப்பல்களில் காக்க ரகசியம் ஏதும் இல்லை. அந்தக் கப்பல்களின் கொதிகலன் அறை, என்ஜின் அறை, பழுதுபார்க்கும் பிரிவு ஆகியவற்றில் பணியாற்றியவர்களின் பெயரை உங்கள் ஏட்டிலிருந்தே எடுத்து, உயிரோடு இருப்பவர்களுக்கு அவரவர் மொழியில் கடிதம் எழுதுங்கள். நோய் வந்து நாங்கள் உங்களைத் தேடும் வரை காத்திருக்காதீர்கள்.

பாலிகிளினிக் படிவத்தில் எந்தக் கப்பல், எந்த அறை, எத்தனை ஆண்டு என்ற கேள்வியைச் சேருங்கள். அந்தப் பதில் பரிந்துரைச் சீட்டிலும் அச்சாகி மருத்துவமனைக்குப் போகட்டும். இந்த வரிசையில் வருகிறவர்களுக்கு மார்புப் படமும் நுரையீரல் திறன் சோதனையும், தேவைப்பட்டால் ஸ்கேனும் காசு வாங்காமல், குறித்த இடைவெளியில் செய்யுங்கள். மூச்சு வாங்கும் எழுபது வயதுக்காரரை ஒவ்வொரு சீட்டுக்கும் இரண்டு பஸ் மாறி வரச் சொல்லாதீர்கள். மீசோதீலியோமா என்று தெரிந்தபின் முன்பணம் கேட்கும் நிலை ஒரு வீட்டுக்கும் வரக்கூடாது. வலி தணிக்கும் மருத்துவமும் பிராணவாயுக் கருவியும் வீட்டுக்கே வரவேண்டும்.

பட்டியலில் உள்ள கப்பலில் பணியாற்றியவருக்கு மீசோதீலியோமாவோ கல்நார் நுரையீரல் நோயோ வந்தால், அது பணியால் வந்ததே என்று கொள்ளும் ஆணையைப் பிறப்பியுங்கள். நுரையீரல் புற்றுநோயைப் பணிக்காலத்தைக் கணக்கில் வைத்துப் பரிசீலியுங்கள். புகைத்தார் என்ற ஒரே காரணத்தால் தள்ளிவிடாதீர்கள், கல்நாரும் புகையும் சேர்ந்தால் ஆபத்து பலமடங்காகிறது என்பதுதான் மருத்துவம். மீசோதீலியோமாவுக்கோ புகைப்பழக்கம் காரணமே அல்ல. இந்த நோய்களுக்கு ஓய்வுக்குப் பிந்தைய கால வரம்பு எதுவும் பொருந்தாது என்று தெளிவாக எழுதுங்கள்.

கல்நார் நோயால் இறந்தவர்களின் குடும்பங்கள் போட்டுத் தள்ளுபடியான மனுக்களை நீங்களாகவே திரும்ப எடுங்கள். சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் 30 விழுக்காடு, சிறப்புக் குடும்ப ஓய்வூதியம் 60 விழுக்காடு. அண்ணியின் வீட்டில் அந்த வித்தியாசம், அடகிலிருந்து சங்கிலி திரும்புமா திரும்பாதா என்பது.

அவருடைய மனுவின் எண்ணும் மறுப்புக் கடிதத்தின் நகலும் இந்த மடலோடு பதிவுத் தபாலில் உங்களுக்கு வருகின்றன. அண்ணன் இருந்த நான்கு கப்பல்களின் பெயரையும், ஏறிய இறங்கிய ஆண்டுகளையும், எந்த அறையில் எந்த வேலை என்பதையும் தனித்தாளில் எழுதி, உடன் இருந்தவன் என்ற முறையில் கையொப்பமிட்டிருக்கிறேன். உங்கள் ஏட்டோடு ஒத்துப்பாருங்கள். ஒத்துப்போனால் மருத்துவக் குறிப்பில் உள்ள அந்த ஒரு வரியைத் திருத்தி, அண்ணிக்கு மறுகடிதம் எழுதுங்கள். தமிழில் எழுதுங்கள், அவரே படித்துக்கொள்வார்.

இப்படிக்கு,
நீராவிக் கப்பல்களில் பணியாற்றி ஓய்வுபெற்ற என்ஜின் அறை மாலுமி ஒருவன்